மருத்துவமனைப் பதிவுப் படிவத்தில் பாலினம்: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் பணிபுரிகிறேன். புறநோயாளிகளுக்கான படிவத்தைப் புதிதாக அச்சிடப் போகிறோம். அதன் வாசகங்களை எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைய படிவத்தில் வயதுக்கு அடுத்து ‘பாலினம்: ஆண் / பெண் / மற்றவை’ என்று மூன்று கட்டங்கள் உள்ளன. மூன்றாவது கட்டத்தில் யார் அடங்குவார்கள் என்பதில் எங்கள் பிரிவிலேயே ஒத்த கருத்து இல்லை. திருநங்கையர் மட்டும்தான் என்கிறார் ஒருவர். ஒருபாலீர்ப்பு உள்ளவர்களும், அதாவது தம் பாலினத்தவரையே விரும்புபவர்களும், அதில்தான் வருவார்கள் என்கிறார் இன்னொருவர். ஊடுபால் என்பது திருநங்கை என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் என்று நினைப்பவரும் இருக்கிறார்.

எல்ஜிபிடிஐ என்று சேர்த்துச் சொல்லப்படுகிறவர்களை ஒரே வகையினராகக் கொள்ளலாமா? திருநர், திருநங்கை, மூன்றாம் பாலினம், ஊடுபால் ஆகிய சொற்களில் எதை எங்கே எழுத வேண்டும்? ‘மற்றவை’ என்று அச்சிடுவது தவறா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். கேலிக்காக எழுத நினைப்பவர்கள் இந்த இழையைத் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிலவொளி

வணக்கம், வைகைக்கரை. நான் திருநங்கை. எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் களப்பணி செய்தவள் என்பதால், பலரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைகளின் பதிவு மேசைகள் முன் நின்றிருக்கிறேன்.

ஒருவரைப் பற்றிய மூன்று கேள்விகளை முதலில் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. அவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவராக உணர்கிறாரா என்பது இன்னொரு கேள்வி. இதைத்தான் பாலின அடையாளம் என்கிறோம். அவருக்கு யார்மீது காதலும் விருப்பமும் எழுகின்றன என்பது மூன்றாவது, அது பாலீர்ப்பு. நீங்கள் குறிப்பிட்ட ஐந்து எழுத்துகளில் லெஸ்பியன், கே, பைசெக்சுவல் ஆகிய மூன்றும் பாலீர்ப்பைச் சொல்கின்றன: பெண்ணை விரும்பும் பெண், ஆணை விரும்பும் ஆண், இரு பாலினத்தவரிடமும் ஈர்ப்பு கொள்பவர். டிரான்ஸ்ஜெண்டர் என்பது பாலின அடையாளத்தையும், இன்டர்செக்ஸ், அதாவது ஊடுபால், என்பது உடலமைப்பையும் சொல்கின்றன. ஆகவே ஆணை விரும்பும் ஆண் உங்கள் படிவத்தில் ‘ஆண்’ என்ற கட்டத்தையே நிரப்புவார். அவரை மூன்றாவது கட்டத்துக்குத் தள்ள எந்தக் காரணமும் இல்லை.

பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுவான சொல் திருநர். அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா, ஹார்மோன் எடுப்பவரா, சேலை கட்டுபவரா என்பவற்றைக் கொண்டு இச்சொற்கள் மாறுவதில்லை. திருநங்கை ஆணைத்தான் விரும்புவார் என்றும் எண்ண வேண்டாம். பெண்ணை விரும்பும் திருநங்கையரை நான் அறிவேன்.

ஜமாத் என்னும் எங்கள் திருநங்கையர் குழுக்களுக்குள் வழங்கும் சொற்கள் வேறு. குரு, அவருடைய சீடரான சேலா, பெண்தன்மை கொண்டவரைச் சொல்லும் கோத்தி, ‘நிர்வாணம்’ ஆனவர், ஆகாதவர் என்றெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நிர்வாணம் என்று நாங்கள் சொல்வது அறுவையை. பதிவு மேசையில் அமர்ந்திருப்பவர் இந்தச் சொல்லை எங்கோ கேட்டுக்கொண்டு வந்து, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, “நிர்வாணம் ஆயிடுச்சா?” என்று விசாரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அன்று என்னுடன் வந்தவருக்கு மூன்று நாள் காய்ச்சல். அந்தக் கேள்விக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு?

அரவாணி என்ற சொல்லையும் கேட்பீர்கள். கூவாகத்தில் சித்திரை முழுநிலவையொட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவில், மகாபாரத அரவானைக் கணவனாகக் கொண்டு தாலி கட்டி மறுநாள் அறுக்கும் சடங்கிலிருந்து வந்த பெயர் அது. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று எங்களுக்கான நல வாரியம் அமைத்தபோது அரவாணி என்ற சொல்லே பெரிதும் புழங்கியது. அதே ஆண்டுகளில் அரசு வழக்கிலும் மேடையிலும் திருநங்கை என்ற சொல் அதன் இடத்தைப் பிடித்தது. கூவாகத்துக்குச் செல்லும் மூத்தவர்கள் சிலர் இன்னும் அரவாணி என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்கள் உரிமை. எங்களில் கிறித்தவர்களும் இசுலாமியரும் உண்டு. எல்லோரையும் அரவானின் விதவைகளாக ஒரு படிவம் எழுதிவைக்க முடியாது.

பழையபேட்டை

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நிலவொளி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் என் தயக்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒருபாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, அல்பாலீர்ப்பு (யார்மீதும் ஈர்ப்பு எழாமை), பால்புதுமையினர் (இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் ‘குவியர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடு) என்று ஆண்டுதோறும் ஒரு சொல் பிறக்கிறது. ஆணை விரும்பும் ஆணுக்கு மகிழ்வன், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு மகிழ்வினி என்றுகூட இணையத்தில் பார்த்தேன்; பெயரைப் பார்த்துப் பொருளை ஊகிக்கவே முடியவில்லை. இத்தனையும் பொதுமக்கள் மனப்பாடம் செய்ய வேண்டுமா? நம் பழைய நூல்களில் பேடி, அலி என்ற சொற்கள் இருக்கின்றனவே.

படிவத்தைப் பற்றி மட்டும் ஓர் இலக்கணக் குறிப்பு. ‘மற்றவை’ என்பது அஃறிணைப் பன்மை. ஆளைக் குறிக்க வேண்டுமானால் ‘மற்றவர்’ என்றாவது இருக்க வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’யை, அதாவது ஆண்மையிலிருந்து மாறியவரைச் சொல்லும் பெயரை, பேசும் இடத்திலேயே அதை உயர்திணையில்தான் வைக்கிறது. இலக்கணம் உயர்திணையில் வைத்தவர்களை மருத்துவமனை அஃறிணைக்கு அனுப்பியிருக்கிறது.

சட்டப்பித்தன்

ஐயா, அங்கே ‘மற்றவை’ என்பது மற்ற பாலினங்களைக் குறிக்கிறது, ஆட்களை அன்று என்று படிவம் எழுதியவர் வாதிடலாம். ஆனால் நோயாளி தம் பெயருக்கு எதிரே அதைப் படிக்கிறார் என்பதால் உங்கள் பக்கமே நான் நிற்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆண், பெண் என்பவற்றுக்கு அடுத்து ‘பிறர்’ என்னும் பொருளிலேயே மூன்றாவது குறியீடு இருந்தது. அதில் இந்திய அளவில் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் பதிவானார்கள். அவர்களில் திருநங்கையர் எத்தனை பேர், திருநம்பியர் எத்தனை பேர், ஊடுபாலினர் எத்தனை பேர் என்று அந்த எண்ணிலிருந்து ஒருவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. பெண் என்றே பதிந்துகொண்ட திருநங்கையர் அதில் வரவே மாட்டார்கள்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்றும், அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகிய மூன்றில் எதுவாகவும் திருநர் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். மூன்றாம் பாலினம் என்ற தொடர் அலுவலகங்களில் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். ஆனால் எல்லாத் திருநரும் மூன்றாம் பாலினம் என்று அது சொல்லவில்லை. பெண் என்றே எழுத விரும்பும் திருநங்கையைத் தடுத்து ‘மூன்றாவதில் எழுதுங்கள்’ என்று சொல்வது அத்தீர்ப்பைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 சனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இயற்றப்பட்ட வடிவில் அதன் வரையறை திருநங்கை, திருநம்பி, ஊடுபால் வேறுபாடு உள்ளவர், ஆண்-பெண் என்ற இருமைக்குள் அடங்காத பாலினத்தவர், கின்னர், ஹிஜ்ரா, அரவாணி, ஜோக்தா என்று மரபுவழி அழைக்கப்படுவோர் ஆகிய அனைவரையும் ஒரே சொல்லின்கீழ்க் கொண்டுவந்தது. ஊடுபாலினருக்குத் தனி வரையறை கொடுத்துவிட்டு, அவர்களையும் திருநர் என்ற வரையறைக்குள்ளேயே போட்டதுதான் அதன் பெரிய குழப்பம் என்பது என் கருத்து. வைகைக்கரை அவர்களின் அலுவலகத்தில் நிலவும் குழப்பத்தை அவர்களே உண்டாக்கவில்லை; சட்டப் புத்தகத்திலும் அது இருக்கிறது.

குழந்தை மருத்துவர்

நான் குழந்தைகள் நல மருத்துவர். ஊடுபால் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மிகுந்த தீங்கு நேர்வது இங்கேதான்.

குரோமோசோம், இனப்பெருக்கச் சுரப்பி, ஹார்மோன், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ, ஆண் உடல், பெண் உடல் என்று பாடநூல் வரையும் அமைப்புக்குள் சரியாகப் பொருந்தாமல் இருப்பதை ஊடுபால் என்கிறோம். இடைப்பாலினம் என்றும் எழுதுகிறார்கள். இது ஒற்றை நிலை அன்று. அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால், கருப்பையும் எக்ஸ் எக்ஸ் குரோமோசோமும் உள்ள குழந்தையின் வெளியுறுப்பு ஆணுறுப்பைப் போலத் தோன்றக்கூடும். எக்ஸ் ஒய் குரோமோசோம் இருந்தும் உடல் ஆண்மை ஹார்மோனுக்கு எதிர்வினை காட்டாவிட்டால், அந்தக் குழந்தை வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளர்ந்து, பதினாறு வயதாகியும் மாதவிடாய் வரவில்லையே என்று தாய் அழைத்து வரும்போதுதான் செய்தி தெரியவரும். இவர்களில் பெரும்பாலோர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோதான் உணர்கிறார்கள். அவர்களைத் திருநர் என்று எழுதுவது அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் எழுதுவதாகும்.

பெற்றோருக்கு நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. மேலே சொன்ன அட்ரினல் குறைபாட்டின் ஒரு வகையில் உடலில் உப்பு தங்காமல், பிறந்த சில வாரங்களுக்குள் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதற்கான மருந்தை உடனே தொடங்கியாக வேண்டும். உறுப்பைப் ‘பார்வைக்குச் சரியாக்கும்’ அறுவையோ அத்தகைய அவசரம் அன்று. உறவினர்கள் பார்ப்பதற்கு முன் முடித்துவிடுங்கள் என்று கெஞ்சும் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது குழந்தையின் மருத்துவத் தேவை அன்று. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு இத்தகைய அறுவைகளைத் தடை செய்ய உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர, ஊடுபால் குழந்தைகளுக்கு அவற்றைச் செய்யக்கூடாது என அரசாணை பிறப்பித்தது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் இதுதான்.

இன்னொன்று. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றபின், ‘பாலினச் சோதனை’ என்ற பெயரில் பதக்கத்தைப் பறிகொடுத்தார். ஒரு சோதனையில் தேறுவதும் தவறுவதுமாகப் பாலினத்தைப் பேசும் அந்த வழக்கம் நம் செய்தித்தாள்களில் இன்றும் தொடர்கிறது. ஆய்வகம் அளந்து சொல்வது ஹார்மோன் அளவையும் குரோமோசோமையும்தான். ஒருவர் ஆணா பெண்ணா என்ற தீர்ப்பு அந்த அறிக்கையில் இருப்பதில்லை.

முத்து

நான் திருநம்பி. எங்களைப் பற்றிப் பேச்சு எழுவதே அரிது. திருநர் என்றதும் எல்லோருக்கும் திருநங்கையரே நினைவுக்கு வருகிறார்கள்.

எனக்குக் கருப்பை நீர்க்கட்டி இருந்தது. தாடி உள்ள நான் மகளிர் மருத்துவப் பிரிவின் வெளியே அமர்ந்திருந்தேன். என் பழைய பெயரைப் பெண்பால் விளியோடு உரக்கக் கூப்பிட்டார் செவிலியர். நான் எழவில்லை. மீண்டும் கூப்பிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, “உங்க வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடறாங்க தம்பி, எங்க போயிட்டாங்க?” என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அன்பாகத்தான் கேட்டார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சிகிச்சை ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று.

ஆகவே வைகைக்கரை அவர்களே, கட்டங்களைத் திருத்துவதோடு நிற்க வேண்டாம். ‘அழைக்க வேண்டிய பெயர்’ என்று தனியாக ஒரு வரி வையுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயர் கட்டணச் சீட்டுக்கும் காப்பீட்டுக்கும் போகட்டும். கூடத்தில் உரக்கச் சொல்வது டோக்கன் எண்ணாக மட்டும் இருந்தால் எல்லோருக்குமே நல்லது. மூலநோய்க்கு வந்தவருக்கும் அது நல்லதுதான்.

பழையபேட்டை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நூல்களில் உள்ள அந்த இரு சொற்களும் எங்களைத் தெருவில் துரத்தி வந்த சொற்கள். ‘ஒன்பது’ என்ற எண்ணைக்கூட வகுப்பறையில் எங்களுக்கு வசவாக்கினார்கள். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட பிள்ளைகள் உண்டு. பழைய சொல் என்பதாலேயே அது காயப்படுத்தாது என்று ஆகிவிடாது.

பழையபேட்டை

தம்பி முத்து, அச்சொற்களைப் படிவத்தில் எழுதச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. சொல் வளம் இருக்கிறது என்று காட்டவே குறிப்பிட்டேன். நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். புதுச்சொற்களின் பெருக்கம் பற்றிய என் ஐயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இருமைக்குள் அடங்காதவரை அவன் என்பதா, அவள் என்பதா என்று ஆங்கிலத்தார் படும் பாடு நமக்கு வேண்டியதில்லை. ‘அவர் வந்தார்’ என்றால் முடிந்தது. மரியாதைப் பன்மையில் பால் தெரிவதில்லை.

நிலவொளி

ஐயா, மருத்துவமனையில் ‘அவர்’ என்பது எல்லோருக்கும் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கிழிந்த சேலையில் வரும் திருநங்கைக்கு ‘வா, போ, இங்க உக்காரு’ என்பதுதான் கிடைக்கிறது. அதே மேசையில் அதே நிமிடம் வேறொருவருக்கு ‘வாங்க சார்’ கிடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நான் பெண், என்னை ‘அவள்’ என்று தோழியர் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சி. பொதுவான ‘அவர்’ இருக்கிறது என்பதற்காக அம்மா, அக்கா என்ற விளிகளை எங்களுக்கு மட்டும் மறுத்துவிடக் கூடாது.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. நான் எழுதியிருக்கும் வரைவு இது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘அழைக்க வேண்டிய பெயர்: ……… அடையாள அட்டையில் உள்ள பெயர்: ……… பாலினம் (நீங்கள் சொல்வதே பதியப்படும்): பெண் / ஆண் / திருநங்கை / திருநம்பி / வேறு, எழுதவும் ……… / சொல்ல விரும்பவில்லை.’

ஊடுபால் என்பதைப் பாலின வரிசையில் சேர்க்கவில்லை. குழந்தை மருத்துவர் எழுதியபடி அது உடலமைப்பைப் பற்றியது என்பதால், சிகிச்சைக்குத் தேவையானபோது மருத்துவர் தனியறையில் கேட்டு, மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். பாலீர்ப்பு பற்றிப் படிவத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. எங்கள் மேலாளருக்கு ஓர் ஐயம்: ஆய்வகத்தில் ஹீமோகுளோபின் போன்றவற்றின் இயல்பளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுகிறதே, அங்கே எதைப் பதிவது என்கிறார்.

குழந்தை மருத்துவர்

நியாயமான ஐயம். ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநரின் ஹீமோகுளோபின் அளவு அந்த ஹார்மோனுக்கு ஏற்ப மாறும் என்பதால், பிறப்பில் பதிந்த பாலினத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் தவறான ஒப்பீடே வரும். ஹார்மோன் எடுக்கிறாரா, எந்த உறுப்புகள் உள்ளன என்பதை மருத்துவர் பரிசோதனைச் சீட்டில் குறிப்பிடுவதே முறை. பதிவு மேசைக்கு இதில் வேலையில்லை. திருநங்கைக்குப் புராஸ்டேட் இருக்கும், திருநம்பிக்குக் கருப்பைவாய் இருக்கக்கூடும். ‘பெண்’ என்று பதிவானவருக்குப் புராஸ்டேட் பரிசோதனை எழுத முடியாது என்று கணினி மறுத்துவிடாதபடி மென்பொருளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்பித்தன்

வரைவு நன்று. மனநலப் பிரிவுக்கு ஒரு குறிப்பும் அனுப்பி வையுங்கள். ஒருபாலீர்ப்பு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்றே நீக்கப்பட்டுவிட்டது. திருநர் அடையாளமும் 2022 முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் திருத்தத்தில் மனநோய்ப் பகுதியில் இல்லை. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்ற சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 சூன் 7 உத்தரவில் தடை செய்தது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்கள் காவல்துறைத் தொல்லைக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தமக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அந்த உத்தரவை எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு இச்சொற்களுக்கான களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது.

பழையபேட்டை ஐயாவின் ஐயத்துக்கு நீதிமன்றத்திலும் துணை உண்டு. 2025 மே மாதம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் தோழியோடு போக விடுவித்த அதே சென்னை உயர் நீதிமன்றம், ‘குவியர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தத் தயங்கியது. அகராதியில் அதற்கு விசித்திரம் என்று பொருள். தம் பாலீர்ப்பு தமக்கு இயல்பாக இருப்பவரை ஏன் அப்படி அழைக்க வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

முத்து

அந்தத் தயக்கத்தின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அந்தச் சொல் வசவாக எறியப்பட்டு, எறியப்பட்டவர்களாலேயே எடுத்து அணியப்பட்டது. தமிழில் ‘பால்புதுமையினர்’ என்பதில் அந்த வசவின் சுவடு இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. என் நண்பர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை, நாங்கள் என்ன புதுமை, எப்போதும் இருந்தவர்கள்தானே என்கிறார். இப்படி எங்களுக்குள் முடியாத வழக்குகள் பல உண்டு. மருத்துவமனை அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ‘வேறு, எழுதவும்’ என்ற கோடு போதும்.

யாழ்வாசி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2016-இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை மூலம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. உளமருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பிறகு அதைப் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம். அதே நேரம் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபாலுறவைக் குற்றமாக்கி நிற்கின்றன. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னபோதும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

சொல்லைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைக் குறிப்பிடுகிறேன். 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995-இல் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் என்று இருந்த இடத்தில் பால் வேறுபாடில்லாத பொதுச்சொல்லைப் போட்டார்கள். அதுவரை அந்தப் பிரிவு தொடாத பெண்களும் அன்று முதல் குற்றவாளிகள் ஆனார்கள்.

சட்டப்பித்தன்

இந்தத் திருத்தத்தை நான் அறிந்திருக்கவில்லை. இங்கே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு தொடக்கம் முதலே ‘யாராயினும்’ என்றுதான் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோரின் ஒப்புதலுள்ள உறவுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அந்தச் சொல் எல்லோர் மீதும் இருந்தது. வைகைக்கரை, உங்கள் வரைவில் ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற கட்டத்தை மேலாளர் நீக்கச் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குச் சிகிச்சைக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொண்டுபோகும் சீட்டில் நீங்கள் அச்சிடுவது அவர்களுடன் ஊருக்குப் போகும்.